பற்சீரமைப்பும் கட்டிளமைப் பருவத்தினரின் சுயமதிப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்



வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். "சிரியுங்கள்" என்று புகைப்படக்காரர் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் உதடுகளை இறுக மூடிக்கொண்டு நிற்பார். அவர் கோபக்காரர் அல்லர். தமது பற்களை மற்றவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று எண்ணுகிறார். அவர் உங்கள் நண்பராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். இப்பாடம் பரீட்சைக்கு மட்டுமன்றி அவருக்கும் உரியது.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

1. பற்பொருத்தக் கோளாறு என்றால் என்ன என்பதையும் அதன் காரணங்களையும் விளக்குவீர்கள்.
2. பற்சீரமைப்புச் சிகிச்சை செயற்படும் முறையை விபரிப்பீர்கள்.
3. தோற்றத்துக்கும் சுயமதிப்புக்கும் இடையிலான தொடர்பை ஆதாரங்களுடன் ஆராய்வீர்கள்.
4. சிகிச்சை பற்றிப் பொருத்தமான தீர்மானம் எடுக்கும் முறையைக் கூறுவீர்கள்.

1. ஒரு சம்பவம்

பின்வரும் சம்பவத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் மாணவி ஒருத்தி தரம் 10 இல் கற்கிறாள். அவளது மேல் முன்பற்கள் வெளியே நீண்டிருக்கின்றன. ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தாலும் அவள் கையை உயர்த்துவதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். கடந்த ஆண்டு தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் வலய மட்டம் வரை சென்றவள், இவ்வாண்டு பெயர் கொடுக்கவில்லை. வகுப்பில் இருவர் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் மாலை, கொழுந்து பறித்துவிட்டு வந்த தாயிடம், "அம்மா, எனக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்" என்கிறாள். தாய், "பல்லு நல்லாத்தானே இருக்கு புள்ள, வலிக்கவா செய்யுது?" என்கிறார்.

மகள் சொல்வது சரியா? தாய் சொல்வது சரியா? பாடத்தின் இறுதியில் இக்கேள்விக்குத் திரும்புவோம்.

2. பற்களும் பற்பொருத்தமும்

மனிதனுக்கு முதலில் 20 பாற்பற்கள் முளைக்கின்றன. ஏறத்தாழ 6 வயதில் முதலாவது நிலையான கடைவாய்ப்பல் தோன்றுகின்றது. 12 – 13 வயதளவில் ஞானப்பற்கள் நான்கும் தவிர்ந்த 28 நிலையான பற்களும் பெரும்பாலானோருக்கு முளைத்துவிடுகின்றன. ஞானப்பற்கள் பொதுவாக 17 வயதுக்குப் பின்னரே வெளிவரும். எல்லாம் சேர்த்து 32 ஆகும்.

வாயை மூடும்போது மேல் வரிசைப் பற்கள் கீழ் வரிசைப் பற்களுக்குச் சற்று வெளிப்புறமாக அமைவதே இயல்பு. மேல், கீழ் முன்பற்களுக்கிடையிலான இந்தக் கிடை இடைவெளி 2 – 3 மி.மீ. அளவாக இருக்கும். மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று முறையாகப் பொருந்தாத நிலையே பற்பொருத்தக் கோளாறு எனப்படும்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஏங்கிள் 1899 ஆம் ஆண்டில் இக்கோளாறுகளை முதலாவது நிலையான கடைவாய்ப்பற்களின் அமைவைக் கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் இப்பாகுபாடு பயன்படுகின்றது.

வகுப்பு 1: கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தும். ஆயினும் முன்பற்கள் நெருங்கியோ, திரும்பியோ, இடைவெளி விட்டோ காணப்படும். நாம் தெத்துப்பல் என்று சொல்வது பெரும்பாலும் பற்கள் முளைக்க இடம் போதாமையால் ஏற்படுவதாகும்.

வகுப்பு 2: கீழ்க் கடைவாய்ப்பற்கள் மேற்பற்களை விடப் பின்னோக்கி அமையும். எத்துப்பல் உள்ளவர்கள் பலர் இவ்வகுப்பைச் சேர்ந்தவர்கள்.

வகுப்பு 3: கீழ்க் கடைவாய்ப்பற்கள் முன்னோக்கி அமையும். கீழ்த்தாடை முன்தள்ளி நிற்கலாம்.

3. காரணங்கள்

(அ) பரம்பரை – தாடையின் அளவும் பற்களின் அளவும் பெற்றோரிடமிருந்து வருபவை. சிறிய தாடையில் பெரிய பற்கள் அமைந்தால் நெருக்கம் ஏற்படும்.

(ஆ) பாற்பற்களைக் காலத்துக்கு முன் இழத்தல் – பாற்பல் தனக்குப் பின் முளைக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றது. சூத்தைப்பல் காரணமாக அது முன்கூட்டியே பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்துக்குச் சாய்ந்துவிடும். "விழுகிற பல்தானே" என்று பாற்பல்லை அலட்சியம் செய்வது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

(இ) பழக்கங்கள் – நிலையான பற்கள் முளைக்கத் தொடங்கிய பின்னரும் விரல் சூப்புதல், நாக்கால் பற்களைத் தள்ளுதல் முதலியன.

(ஈ) பிற காரணங்கள் – விபத்துகள், பிறவியிலேயே சில பற்கள் இல்லாமை, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு.

இவற்றுள் எதுவும் பிள்ளையின் குணத்தையோ திறமையையோ காட்டுவதன்று என்பதைக் கவனியுங்கள்.

4. சிகிச்சை செயற்படும் முறை

பல்லுக்குக் கம்பி போடுதல் என்று நாம் பேச்சில் சொல்வதே பற்சீரமைப்புச் சிகிச்சையாகும். இதில் இரு வகைச் சாதனங்கள் முக்கியமானவை. ஒன்று, நோயாளியே கழற்றி மாட்டக்கூடிய தட்டு. மற்றையது, பற்களில் ஒட்டப்படும் சிறு தாங்கிகளும் அவற்றினூடாகச் செல்லும் கம்பியும் கொண்ட நிலையான சாதனம்.

என்பினுள் உறுதியாக நிற்கும் பல் எவ்வாறு நகர்கின்றது? என்பு உயிருள்ள இழையமாகும். கம்பி பல்லின் மீது மென்மையான விசையைத் தொடர்ந்து பிரயோகிக்கின்றது. பல் நகரும் திசையில் உள்ள என்பின் மீது அமுக்கம் ஏற்பட, அங்குள்ள சிறப்பான கலங்கள் என்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இழுவை ஏற்பட, வேறு கலங்கள் புதிய என்பைப் படியச் செய்கின்றன. இவ்வாறு பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதமே நகரும். எனவே சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடங்கள் தேவைப்படும். விசையைக் கூட்டினால் விரைவாக முடியும் என்பது தவறான எண்ணம். அது பல்வேரைப் பாதிக்கும்.

கம்பி கழற்றப்பட்டதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். அதைத் தடுப்பதற்குத் தக்கவைக்கும் தட்டு அல்லது கம்பியை வைத்தியர் கூறும் காலம் வரை அணிய வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை:

1. புளோரைட்டுப் பற்பசையால் காலையிலும் இரவு படுக்கைக்குப் போகும் முன்னரும் பல் துலக்குதல். கம்பியைச் சுற்றி உணவு தங்கினால் மிளிரியில் வெண்புள்ளிகள் தோன்றும், முரசு வீங்கும்.
2. கல்மிட்டாய், முறுக்கு, பாக்கு போன்ற கடினமானவற்றையும் ஒட்டும் இனிப்புகளையும் தவிர்த்தல்.
3. குறித்த தினத்தில் தவறாமல் வைத்தியரிடம் செல்லுதல்.
4. விளையாட்டில் ஈடுபடுவோர் வாய்க் காப்புப் பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல்.

5. சுயமதிப்பு என்றால் என்ன?

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கொண்டிருக்கும் மதிப்பீடு சுயமதிப்பு ஆகும். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் இதனை ஒரு பின்னமாகக் காட்டினார். அடைந்த வெற்றிகளை எதிர்பார்ப்புகளால் வகுத்தால் கிடைப்பது சுயமதிப்பு. கணிதத்தில் கற்றது போல, தொகுதியைக் கூட்டினாலும் பின்னம் பெரிதாகும். பகுதியைக் குறைத்தாலும் பெரிதாகும். அதாவது திறமைகளை வளர்ப்பதாலும், எட்டாத எதிர்பார்ப்புகளைக் கைவிடுவதாலும் சுயமதிப்பு உயரலாம்.

1965 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் றொசன்பேர்க் கட்டிளைஞரின் சுயமதிப்பை அளப்பதற்குப் பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அது பயன்படுகின்றது.

கட்டிளமைப் பருவத்தில் உடல் விரைவாக மாறுகின்றது. சகபாடிகளின் கருத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் பருவமும் இதுவே. எல்லோரும் தம்மையே பார்க்கிறார்கள் என்ற உணர்வும் உண்டாகின்றது. முகத்தில் பிறர் கண்ணில் படும் இடங்களில் வாயும் ஒன்று. எனவே பற்களைப் பற்றிய கேலி ஆழமாகத் தைக்கின்றது.

ஆயினும் அழகு பற்றிய அளவுகோல் எங்கும் ஒன்றல்ல. யப்பானில் வேட்டைப்பல் சற்று முன்தள்ளி நிற்பது 'யயேபா' எனப்படும். அதை இளமையின் அழகாகக் கருதி, நேரான பல் உள்ள பெண்கள் சிலர் பணம் கொடுத்து அவ்வாறு அமைத்துக்கொண்டதும் உண்டு. நமது ஊரில் கேலிக்குள்ளாகும் பல், வேறோர் ஊரில் விரும்பப்படுகின்றது.

6. ஆய்வுகள் கூறுவது என்ன?

கம்பி போட்டால் சுயமதிப்பு உயருமா? இதற்கு விடை காண நீண்ட காலம் நடந்த ஆய்வொன்று உதவுகின்றது.

வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் 1981 ஆம் ஆண்டு 11 – 12 வயதுப் பிள்ளைகள் 1018 பேரின் பற்களும் உளநிலையும் பரிசோதிக்கப்பட்டன. 20 வருடங்களின் பின், 2001 இல், அவர்களுள் 337 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முடிவுகள் 2007 இல் வெளியாகின.

சிகிச்சை தேவைப்பட்டு அதைப் பெற்றவர்களின் பற்கள் ஒழுங்காக இருந்தன. தமது பற்களைப் பற்றி அவர்கள் கூடிய திருப்தி கொண்டிருந்தனர். ஆனால் வளர்ந்த பின்னரான சுயமதிப்பைச் சிகிச்சை குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியதாகத் தெரியவில்லை. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் அதனால் பிற்காலத்தில் உளப் பாதிப்புக்கு உள்ளாகவும் இல்லை.

இன்னுமோர் ஆய்வு ஐக்கிய இராச்சியத்தில் 8 – 10 வயதுப் பிள்ளைகள் 174 பேரிடம் நடத்தப்பட்டது. இவர்கள் எல்லோருக்கும் எத்துப்பல் இருந்தது. 2003 இல் வெளியான முடிவின்படி, உடனே சிகிச்சை பெற்ற பிள்ளைகள் தம்மைப் பற்றிச் சற்று உயர்வாக எண்ணினர். கேலி போன்ற கசப்பான அனுபவங்களும் அவர்களுக்குக் குறைந்தன. ஆனால் 2009 இல் வெளியான தொடர் ஆய்வில், முன்கூட்டியே சிகிச்சை பெற்றவர்களுக்கும் பிந்திப் பெற்றவர்களுக்கும் இடையே சுயமதிப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெறப்படும் முடிவு இதுதான். சிகிச்சை பற்களைச் சீராக்கும். பற்களைப் பற்றிய வெட்கத்தைக் குறைக்கும். சிறு வயதில் ஓரளவு ஆறுதலும் தரலாம். ஆனால் முழுச் சுயமதிப்பையும் கம்பியால் கட்டியெழுப்ப முடியாது. குடும்பத்தின் அன்பு, நல்ல நண்பர்கள், கல்வி, கலை, விளையாட்டு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சி என்பன அதற்கு வேண்டும்.

இங்கு விமர்சனச் சிந்தனையையும் பயன்படுத்துங்கள். 1018 பேரில் 337 பேரே இறுதி வரை கிடைத்தனர். மேலும் வேல்ஸ் நாட்டு நிலைமை நமது நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது.

7. அப்படியாயின் சிகிச்சை தேவையில்லையா?

அவ்வாறு கூறுவதும் தவறு. பின்வரும் சந்தர்ப்பங்களில் உடல்நலத்துக்காகவே சிகிச்சை தேவைப்படலாம்.

1. மேல் முன்பற்கள் மிகவும் நீண்டிருத்தல். கிடை இடைவெளி 3 மி.மீ. ஐ விடக் கூடும்போது, விழுந்து அடிபட்டு முன்பல் உடையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகின்றது.
2. பல் வெளிவராமல் என்பினுள் அகப்பட்டு, பக்கத்துப் பல்லின் வேரைப் பாதித்தல்.
3. கீழ்ப்பற்கள் அண்ணத்தில் குத்திக் காயப்படுத்துதல்.
4. கடித்து உண்பதில் அல்லது பேசுவதில் சிரமம்.
5. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ளவர்கள்.

யாருக்குச் சிகிச்சை மிகவும் தேவை என்பதை அளப்பதற்குப் பிரித்தானியாவில் 1989 இல் ஒரு சுட்டி உருவாக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி உடல்நலத் தேவையை ஐந்து தரங்களாகவும், மற்றப் பகுதி தோற்றத்தைப் பத்துப் படங்களைக் கொண்டும் மதிப்பிடுகின்றது. தோற்றம் பற்றிய கவலையும் தேவையின் ஒரு பகுதியே என்பதை இது ஏற்றுக்கொள்கின்றது. எனவே கவலைப்படும் மாணவரை "இது வீண் ஆசை" என்று ஒதுக்கிவிடக்கூடாது.

8. மாத்தளை மாவட்ட மாணவர் செல்லும் வழி

இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. நியூசிலாந்தில் 1921 இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்ட உதவியுடன் 1950களில் மகரகமையில் பாடசாலைப் பற்சிகிச்சையாளருக்கான பயிற்சி ஆரம்பிக்கப்பட்டது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் முக்கியமாக 13 வயது வரையான பிள்ளைகளைக் கவனிக்கின்றன.

படி 1: பாடசாலை மருத்துவப் பரிசோதனை. இது தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் நடைபெறும். பற்களைப் பற்றிய கவலையைப் பரிசோதனைக்கு வரும் உத்தியோகத்தரிடம் தயங்காமல் கூறுங்கள்.

படி 2: அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவு. முதலில் சூத்தைப்பல்லும் முரசு நோயும் குணப்படுத்தப்பட வேண்டும். வாய்ச் சுகாதாரம் சரியில்லாத வாயில் கம்பி போடுவதில்லை.

படி 3: பற்சீரமைப்பு விசேட வைத்தியரிடம் அனுப்பப்படுதல். மத்திய மாகாணத்தவருக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை முக்கியமான நிலையமாகும். இலங்கையின் பல் மருத்துவக் கல்வி 1943 இல் கொழும்பில் ஆரம்பித்து 1954 இல் பேராதனைக்கு மாற்றப்பட்டது.

மாத்தளையிலிருந்து கண்டி ஏறத்தாழ 25 கி.மீ.; பேராதனை அதற்கும் அப்பால் உள்ளது. இரண்டு வருடம் மீண்டும் மீண்டும் சென்றுவர வேண்டும். பஸ் கட்டணம், பாடசாலை நாள், துணைக்கு வரும் பெற்றோரின் ஒரு நாட் சம்பளம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் தேவை கூடியவர்களுக்கு முன்னுரிமை வழங்கப்படுவதால் காத்திருக்கவும் நேரிடலாம். இவற்றை வீட்டாருடன் முன்னரே பேசிக்கொள்வது தீர்மானம் எடுத்தலின் ஒரு பகுதியாகும். பாதியில் நிறுத்திய சிகிச்சை, தொடங்காத சிகிச்சையை விடப் பல்லுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர்களிடம் மலிவு என்பதற்காகக் கம்பி போடுவது ஆபத்தானது.

9. கேலிக்கு முகங்கொடுத்தல்

கேலிக்கு உள்ளானவர், தமது உணர்வை நம்பிக்கையான ஒருவரிடம் கூறலாம். "அப்படிக் கூப்பிட வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை" என்று அமைதியாகவும் உறுதியாகவும் சொல்லலாம். தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் தெரிவிக்கலாம். பார்த்து நிற்பவருக்கும் பொறுப்பு உண்டு. அவர் சிரிக்காமல் இருந்தாலே கேலி செய்பவரின் உற்சாகம் பாதியாகிவிடும். கேலி செய்பவர் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பதே ஒத்துணர்வு என்னும் வாழ்க்கைத் திறனாகும்.

10. சம்பவத்துக்குத் திரும்புவோம்

இப்போது அந்த மாணவியையும் தாயையும் நினைத்துப் பாருங்கள். வலி இல்லை என்பதால் பல் நல்லது என்று தாய் எண்ணியது முழுமையான விடையன்று. நீண்ட முன்பல் அடிபட்டு உடையலாம். மகளின் மனவலியும் வலிதான். அதேபோல், கம்பி போட்டால் எல்லாம் மாறிவிடும் என்று மகள் எண்ணினால் அதுவும் முழுமையன்று. அவள் வலய மட்டம் வரை பேசியது இதே பற்களுடன்தான். அப்போது மண்டபத்தில் இருந்தவர்கள் கேட்டது அவளது சொல்லை.

தாயும் மகளும் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று பரிசோதிக்கட்டும். தேவை எனக் கண்டால் சிகிச்சைக்குப் பெயர் பதியட்டும். பட்டப்பெயர் வைத்த இருவரையும் வகுப்பாசிரியர் அழைத்துப் பேசட்டும். அவள் இவ்வாண்டுப் போட்டிக்கும் பெயர் கொடுக்கட்டும். பற்கள் சீராகும் வரை பேச்சு காத்திருக்க வேண்டியதில்லை.

நினைவிற் கொள்க

• பற்பொருத்தக் கோளாறு நோயாளியின் குற்றமன்று.
• பல் நகர்வது என்பு கரைவதாலும் மீண்டும் படிவதாலுமே.
• சிகிச்சை பற்களின் ஒழுங்கையும் அவை பற்றிய திருப்தியையும் உயர்த்தும். சுயமதிப்புக்கு அது மட்டும் போதாது.
• கேலியை நிறுத்துவதற்குக் கம்பி தேவையில்லை. வகுப்பின் ஒத்துணர்வு போதும்.

மாதிரி வினாக்கள்

1. ஞானப்பற்கள் தவிர்ந்த நிலையான பற்களின் எண்ணிக்கை,
(1) 20 (2) 24 (3) 28 (4) 32

2. பற்சீரமைப்பின்போது பல் நகரும் திசையிலுள்ள என்பு,
(1) மாற்றமடையாது (2) கரைக்கப்படும் (3) தடிப்படையும் (4) முறியும்

3. (அ) கார்டிப் ஆய்வில் 20 வருடங்களின் பின் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்களின் சதவீதத்தைக் கணிக்க.
(ஆ) இச்சதவீதம் ஆய்வு முடிவை விளக்குவதில் ஏற்படுத்தும் வரையறையைக் குறிப்பிடுக.

4. பற்களின் தோற்றம் காரணமாகப் பாடசாலைப் போட்டிகளில் பங்குபற்றத் தயங்கும் நண்பருக்கு நீர் வழங்கும் ஆலோசனைகள் நான்கினை, பொருத்தமான வாழ்க்கைத் திறன்களைச் சுட்டிக்காட்டி விளக்குக.

விடைக் குறிப்பு

1. விடை (3).
2. விடை (2).
3. (அ) 337 ÷ 1018 × 100 = ஏறத்தாழ 33%. (ஆ) மூன்றில் இரு பங்கினர் இறுதியில் இடம்பெறவில்லை. அவர்களது நிலை வேறாக இருந்திருக்கலாம். எனவே முடிவை எல்லோருக்கும் பொதுவாக்கும்போது அவதானம் தேவை.
4. பரிசோதனைக்குச் செல்லத் தூண்டுதல் (தீர்மானம் எடுத்தல்), உணர்வைப் பகிரச் செய்தல் (தொடர்பாடல்), தனது திறமைகளை அடையாளங் காணச் செய்தல் (தன்னை அறிதல்), கேலியின்போது அவருக்குத் துணை நிற்றல் (ஒத்துணர்வு) என்பவற்றை உதாரணங்களுடன் விளக்குக. உமது வகுப்பில் கண்ட உண்மை நிலையைப் பெயர் குறிப்பிடாமல் எழுதினால் விடை சிறப்புறும்.